நிழற்படத்திற்கு ஒரு நோட்டக்காரர்

அரபு மொழியில் இலக்கியத் திறனாய்வுக்கு 'நக்து' என்று பெயர். அச்சொல் ஏட்டில் பிறந்ததன்று, கடைத்தெருவில் பிறந்தது. திர்ஹத்தையும் தீனாரையும் கையில் வாங்கி, நல்ல நாணயம் எது, கள்ள நாணயம் எது எனப் பிரித்தெடுக்கும் தொழிலுக்கே அரபுகள் முதலில் அப்பெயரை வழங்கினர். நம் தமிழிலும் அத்தொழிலுக்கு 'நோட்டம்' என்றும், அதனைச் செய்வாருக்கு 'நோட்டக்காரர்' என்றும் பெயருண்டு. இரு மொழிகளும் ஒரே கருத்தைத் தொட்டு நிற்பதை எண்ணுந்தோறும் வியப்பே மிகுகின்றது.

ஹிஜ்ரி 231இல் மறைந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ என்னும் பேரறிஞர், கவிஞர்களைத் தரம் பிரித்து எழுதிய தம் நூலின் முகப்பிலே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றார். கலஃபுல் அஹ்மர் என்னும் கவிதை வல்லாரிடம் ஒருவர் வந்து, ஒரு கவிதை தமக்குப் பிடித்துவிட்டால் அதைப் பற்றி அவரும் அவருடைய தோழர்களும் என்ன சொன்னாலும் தமக்குக் கவலையில்லை என்றாராம். அதற்குக் கலஃப், நீர் விரும்பி வாங்கிய திர்ஹத்தை நோட்டக்காரர் செல்லாது என்று சொல்லிவிட்டால் உம் விருப்பம் உமக்கு எவ்வளவு உதவும் எனத் திருப்பிக் கேட்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகியும் அவ்வினாவின் கூர்மை மழுங்கவில்லை.

இன்று நம் இல்லங்களில் கவிதையினும் பெருகிக் கிடப்பது நிழற்படம். படம் பிடிக்காத பிள்ளை இல்லை. கைப்பேசி உள்ள கையெல்லாம் கேமரா ஏந்திய கையே. பெருநாள் காலையில் எடுத்த படம், உம்மும்மாவின் படம், ஊர்க் கடற்கரையில் கதிரவன் சாயும் படம் எனப் பிள்ளைகள் ஆவலோடு கொண்டுவந்து காட்டுகின்றனர். அவர்களுக்கு நாம் தரும் மறுமொழி என்ன? ஒன்று, 'மாஷா அல்லாஹ், அருமை!' என்று சொல்லிக் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றோம். அன்றேல், 'ஓதுகிற நேரத்தில் இது எதற்கு?' என்று கடிந்து அனுப்பிவிடுகின்றோம். முன்னது பார்க்காமலே புகழ்தல். பின்னது பார்க்காமலே இகழ்தல். இரண்டிலும் நோட்டம் இல்லை.

இதில் என்ன இழப்பு என்று சிலர் கேட்கக்கூடும். இழப்பு பெரிது. கடற்கரை நெடுகிலும் உள்ள நம் ஊர்களில் கல்தூண் வரிசை கொண்ட பழம்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் சில, இடம் போதாமையால் இடிக்கப்பட்டுப் புதுக் கட்டடங்களாக எழுந்துவிட்டன. முற்றமும் திண்ணையும் மச்சும் கொண்ட வீடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பாய் நெய்த கைகளும், தறி போட்ட கைகளும் ஓய்கின்றன. இவற்றையெல்லாம் பதிந்து வைக்க எந்த நிறுவனமும் நம் தெருவுக்கு வந்து கேமராவை நிறுத்தப் போவதில்லை. பதிவதெல்லாம் பொழுதுபோக்காகப் படம் பிடிக்கும் நம் பிள்ளைகளே. அவர்கள் படம் தெளிவாக இருந்தால் வருங்காலத்தார் தம் முன்னோரின் பள்ளிவாசலைக் கண்ணால் காண்பர். மங்கலாக இருந்தால் அதுவும் போயிற்று. ஆதலின் அப்பிள்ளைகளின் படத்தைப் பொறுமையாகப் பார்த்துக் குறை நிறை சொல்லுதல் பொழுதுபோக்கன்று. சமுதாயத்திற்குச் செய்யும் ஊழியம்.

நிழற்படம் ஆகுமா என்னும் வினா நம் வாசகர் சிலரின் உள்ளத்தில் எழாமல் இராது. ஆலிம்களிடையே இதில் கருத்து வேற்றுமை இருந்ததும், ஓரளவு இன்றும் இருப்பதும் யாவரும் அறிந்ததே. 1914ஆம் ஆண்டு எகிப்தின் முஃப்தியாகப் பொறுப்பேற்ற ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் இதற்கெனவே ஒரு சிறுநூல் எழுதினார்கள். இறைவன் படைத்த உருவின் நிழலை ஒரு கருவியால் தடுத்து நிறுத்துவதே நிழற்படம். அது புதிதாக உருச்சமைத்தல் ஆகாது என்பது அவர்களின் முடிவு. அதனை ஏற்காத பெரியோரும் உளர். உயிருருவைத் தவிர்க்க விரும்புவோர்க்கும் பள்ளியும் தெருவும் மரமும் கடலும் நெய்தொழிலும் ஏராளமாக உள்ளன. நாம் இங்கு எடுத்துக்கொண்டது, எடுத்த படத்தை எப்படி மதிப்பிடுவது என்னும் பொருளே.

மதிப்பிடுவதற்குச் சொற்கள் வேண்டும். 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்னும் இரண்டைத் தவிர வேறு சொல் இல்லாதவர் நோட்டம் பார்க்க இயலாது. அச்சொற்களை நமக்கு ஈட்டித் தந்தவர் பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் ஹைதம் ஆவார். இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளியை வைத்து அவர் செய்த ஆய்வுகள் உலகறிந்தவை. இங்கு ஒன்று குறிப்பிட வேண்டும். 'கேமரா' என்னும் சொல்லே அரபியிலிருந்து சென்றது என்று நம்மவர் சிலர் மேடைகளில் பெருமையோடு கூறுவதுண்டு. அது சரியன்று. வளைந்த கூரையுடைய அறையைக் குறிக்கும் கிரேக்க, இலத்தீன் சொல் அது. இப்னுல் ஹைதமுக்கு உண்மைப் பெருமையே மலையளவு இருக்க, இல்லாத பெருமையை இரவல் வாங்க வேண்டியதில்லை. பிறர் படத்தில் பிழை காண விழைவோர் தம் பேச்சில் உள்ள பிழையையும் களைதல் முறையன்றோ?

ஏழு பகுதிகள் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலின் இரண்டாம் பகுதியில், கண் காணும் பண்புகள் இருபத்திரண்டு என அவர் வரிசைப்படுத்துகின்றார். ஒளி, நிறம், தொலைவு, கிடக்கை, பருமை, வடிவம், அளவு, பிரிவு, தொடர்ச்சி, எண்ணிக்கை, இயக்கம், அசைவின்மை, சொரசொரப்பு, வழுவழுப்பு, ஒளி ஊடுருவல், ஊடுருவாமை, நிழல், இருள், அழகு, அழகின்மை, ஒப்புமை, வேற்றுமை என்பன அவை. அழகு என்பது தனித்து வானத்திலிருந்து இறங்குவதன்று. மற்றப் பண்புகளுள் ஒன்றோ பலவோ கூடுவதால் தோன்றுகின்றது. அவற்றினும் மேலாக, உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் 'தனாஸுப்' என்னும் இசைவினால் தோன்றுகின்றது என்பது அவர் விளக்கம். ஒரு படத்தை முன்னே வைத்துக்கொண்டு இப்பட்டியலை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். ஒளி எங்கிருந்து வருகின்றது? அண்மையிலிருப்பது எது, தொலைவிலிருப்பது எது? எது எதனினும் பெரிதாகத் தோன்றுகின்றது? நிழல் எதனை மறைக்கின்றது? 'அருமை' என்ற ஒற்றைச் சொல் இருபது வினாக்களாக விரிவதைக் காண்பீர்கள்.

தமிழிலும் இதற்கோர் அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவர் தம் நன்னூலில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், ஆகும் பத்து அழகுகளையும் தொகுத்துரைக்கின்றார். நூலுக்குச் சொன்ன குற்றங்கள் படத்திற்கும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பிள்ளைகள் நம்மிடம் கொண்டுவந்து காட்டிய சில படங்களைக் கொண்டே விளக்குவோம்.

முதற்படம், நாகூர் தர்காவின் பெரிய மினாரா. 131 அடி உயரமுள்ள அதனை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்திருக்கின்றார் அம்மாணவர். வானத்தின் நீலமும் சுவரின் வெண்மையும் நன்கு பிரிந்து தெரிகின்றன. புறாக்கள் எழுந்த கணத்தைக் காத்திருந்து பிடித்திருக்கின்றார். அக்காத்திருப்புக்கு நம் பாராட்டு. ஆயினும் நேராக நிற்கும் மினாரா படத்தில் பின்னோக்கிச் சரிந்து விழுவதுபோல் நிற்கின்றது. உள்ளதற்கு முரணாக உரைப்பதால் இதனை 'மாறுகொளக் கூறல்' எனலாம். காரணம் கட்டடத்தில் இல்லை. கேமராவை அண்ணாந்து சாய்த்ததில் இருக்கின்றது. சாய்த்துப் பிடித்தால் மேலே செல்லச் செல்லக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும். இன்னும் பல அடிகள் பின்வாங்கி, அல்லது எதிரே உள்ள மாடியில் ஏறி, கேமராவைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தால் மினாராவும் நிமிரும்.

இரண்டாம் படம், கீழக்கரையின் பழம்பள்ளி ஒன்றின் உட்புறம். கல்தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிஹ்ராபை நோக்கிச் செல்லும் வரிசையை நடுக்கோட்டில் நிறுத்தியிருப்பது நல்ல அறிவு. தொழுகைக்கு நிற்கும் ஸஃப்பை அது நினைவூட்டுகின்றது. ஆனால் சாளரங்கள் வெறும் வெள்ளையாக வெளுத்துப் போயின. தூணின் பூவேலைப்பாடோ இருளில் மறைந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்ட 'குன்றக் கூறல்' இது. வெயில் உச்சியில் நிற்கும் லுஹர் வேளையில் வெளிச்சத்திற்கும் இருளுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. கேமராவால் இரண்டையும் ஒருங்கே தாங்க இயலவில்லை. அசருக்குப் பிறகு ஒளி சாய்ந்து உள்ளே வரும் வேளையில், கேமராவை ஒரு தாங்கியின் மீது அசையாமல் வைத்து, தூணின் மீது ஒளியளவைப் பொருத்தி எடுத்தால் கல்லின் பூக்கள் மலரும். சாய்ந்த ஒளியிலேதான் சொரசொரப்பும் வழுவழுப்பும் வேறுபட்டுத் தெரியும்.

மூன்றாம் படம், பெருநாள் தொழுகை முடிந்து இரு முதியவர் தழுவிக்கொள்ளும் காட்சி. ஒருவர் கண்ணில் நீர் துளிர்த்திருக்கின்றது. இக்கணத்தைக் கண்டுகொண்ட பிள்ளைக்குப் பார்வை இருக்கின்றது. அதைக் கற்றுக்கொடுக்க எவராலும் இயலாது. ஆனால் அவர்களுக்குப் பின்னே செந்நிறத்தில் ஒரு விளம்பரப் பதாகையும், அதன் கீழே ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. பார்ப்பவர் கண் முதலில் பதாகைக்கே ஓடுகின்றது. இது 'மற்றொன்று விரித்தல்'. இடப்பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தால் பள்ளியின் வெண்சுவர் பின்புலமாக அமைந்திருக்கும். படம் எடுக்குமுன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வருதல் என்னும் சிறு பழக்கம் இக்குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.

நான்காம் படம், பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு பெருமாட்டியின் கைகள் மட்டும். முகம் இல்லை, வேண்டியதும் இல்லை. விரல்களின் சுருக்கமும் கோரையின் நுண்மையும் அருகருகே வந்து ஓர் ஆயுட்கால உழைப்பைச் சொல்லிவிடுகின்றன. நான்கினுள் இதுவே சிறந்தது. ஆயினும் எடுத்த பின்னர்க் கைப்பேசியிலேயே நிறங்களைக் கூட்டியதால் கோரையின் இயல்பான பொன்னிறம் கெட்டு, பிளாஸ்டிக்கின் பளபளப்பு ஏறிவிட்டது. இது 'மிகைபடக் கூறல்'. நிறத்தை ஏற்றும் கையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஓர் எளிய முறை உண்டு: பாயின் ஒரு துண்டைப் படத்தின் அருகே வைத்துப் பார்த்தல்.

இந்நான்கிற்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த நாள் என ஒன்றிலும் குறிப்பில்லை. இன்று எடுத்தவருக்கு நினைவிருக்கும். ஐம்பது ஆண்டுக்குப் பின் பார்ப்பவருக்கு யார் சொல்வார்? எடுத்த அன்றே ஒரு வரி எழுதி வைக்காவிடில் எத்தனை அழகிய படமும் 'நின்று பயனின்மை' என்னும் குற்றத்தில் முடியும்.

குறை காண்பது எளிது. அதைக் கூறுவதே அரிது. உக்காழ் சந்தையில் நாபிகா என்னும் பெருங்கவிஞருக்குச் செந்தோல் கூடாரம் அமைக்கப்படும். கவிஞர்கள் அங்கு வந்து தம் கவிதைகளைப் பாடி அவர் தீர்ப்பைப் பெறுவர் என அரபு இலக்கிய நூல்கள் கூறும். பின்னாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞராக விளங்கிய ஹஸ்ஸான் (ரலி) அவர்கள், தம் குலத்தாரின் விருந்துக் கலங்களையும் வாள்களையும் புகழ்ந்து அங்குப் பாடினார்கள். நாபிகா முதலில், நீர் கவிஞர்தாம் என ஒப்புக்கொண்டார். பின்னர், கலங்களுக்கும் வாள்களுக்கும் சிறு எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மை வடிவத்தைக் கையாண்டதால் புகழ் குறுகிவிட்டது என்றும், பெற்ற மக்களைக் கொண்டு பெருமை பேசியவர் தம்மைப் பெற்ற முன்னோரைப் பேசாது விட்டார் என்றும் சுட்டிக்காட்டினார். இந்நிகழ்ச்சியை ஐயுறும் அறிஞரும் உளர். நிகழ்ந்ததோ புனைந்ததோ, திறனாய்வு எப்படி இருக்க வேண்டும் என அரபுகள் எண்ணினர் என்பதற்கு இது சான்று. திறமையை முதலில் ஒப்புதல், குறை உள்ள சொல்லைத் தொட்டுக் காட்டல், அது ஏன் குறை என விளக்கல் என மூன்றும் இதில் அமைந்துள்ளன. கேட்டவர் வீடு திரும்புகையில் எதைத் திருத்துவது என அறிந்தே திரும்புவார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையை நோக்குவோம். ஒருவர் பள்ளிக்குள் வந்து விரைவு விரைவாகத் தொழுதுவிட்டு ஸலாம் கூறினார். அண்ணலார் அவருடைய ஸலாத்திற்கு மறுமொழி கூறி, அவர் தொழவில்லை என்றும் மீண்டும் சென்று தொழுமாறும் பணித்தார்கள். மும்முறை இவ்வாறு நிகழ்ந்தது. இதனினும் நன்றாகத் தமக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே வேண்டியபோது, தக்பீர் முதல் ஸஜ்தா வரை ஒவ்வொரு படியாக விளக்கினார்கள். குறை மறைக்கப்படவில்லை. ஆயினும் ஸலாத்திற்கு மறுமொழி ஒருமுறையும் தவறவில்லை. திருத்தும் வழி சொல்லாமல் அவரை அனுப்பவும் இல்லை. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் இளைஞராக இருந்தபோது, அவர் நல்ல மனிதர் என முதலில் போற்றி, இரவில் எழுந்து தொழுதால் இன்னும் சிறப்பே என்னும் கருத்தைப் பெருமானார் தெரிவித்தார்கள். அதன்பின் அவர் இரவில் உறங்கியது சிறிதே என அவர்தம் மகனார் கூறுவதைப் புகாரியில் காண்கின்றோம். ஒரு சொல் ஒரு வாழ்நாள் பழக்கமாயிற்று.

அதே அண்ணலார், முகத்துக்கு நேரே ஒருவரை வரம்பு கடந்து புகழ்ந்தவரைக் கண்டபோது, தோழரின் கழுத்தையே அறுத்துவிட்டீர் என்னும் கருத்துப்படக் கண்டித்தார்கள். பார்க்காமலே 'அருமை' என்பதும் இத்தகையதே. முதற்படத்திலேயே பேரறிஞராக்கப்பட்ட பிள்ளை இரண்டாம் படத்தில் என்ன கற்கும்?

'நஸீஹத்' என்னும் சொல்லை நாம் 'அறிவுரை' எனப் பெயர்த்துவிட்டு நின்றுவிடுகின்றோம். அதன் வேரைத் தோண்டினால் இரு பொருள் கிட்டும். தேனிலிருந்து மெழுகை நீக்கித் தூய்மையாக்கல் ஒன்று. கிழிந்த ஆடையைத் தைத்தல் மற்றொன்று. தையலூசிக்கு 'மின்ஸஹா' என்னும் பெயர் அவ்வேரிலிருந்து வந்ததே. ஊசியும் குத்துகின்றது, முள்ளும் குத்துகின்றது. ஊசி குத்திய இடத்தில் கிழிசல் மூடுகின்றது. படத்தைப் பார்த்துச் சொல்லும் சொல்லுக்கும் இதுவே உரைகல்: சொல்லி முடித்த பின் கிழிசல் மூடியதா, பெரிதாயிற்றா? தனிமையில் சொல்வது நலம் நாடுதல், கூட்டத்தில் சொல்வது மானபங்கம் என இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் கூறியதாக வழங்கும் கருத்தும் ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. விருந்தினர் நிறைந்த கூடத்தில் மகளின் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, 'தலை வெட்டுப்பட்டுப் போச்சே' என்று உரக்கச் சிரிக்கும் மாமாமார் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் சொன்னது உண்மையே. ஆயினும் அந்த உண்மை அப்பிள்ளையின் கையிலிருந்து கேமராவைப் பறித்துவிடும்.

அறிந்து சொன்ன ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு மேலை நாட்டுச் சான்று ஒன்று. 1887ஆம் ஆண்டு, பொழுதுபோக்காகப் படம் எடுப்போருக்கென இலண்டனில் வெளிவந்த இதழ் ஒன்றின் போட்டிக்கு நடுவராக இருந்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். பெர்லினில் பயின்றுகொண்டிருந்த இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், இத்தாலியின் பெல்லாஜியோவில் எடுத்த எளிய காட்சி ஒன்றை அனுப்பியிருந்தார். செயற்கையாக நிறுத்தி வைக்காத இயல்பு அப்படத்தில் இருப்பதைக் கண்ட எமர்சன் அதற்கே முதற்பரிசு வழங்கினார். அவ்விளைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். நிழற்படத்தை ஒரு கலையாக உலகம் ஏற்பதற்குப் பிற்காலத்தில் பெரிதும் பாடுபட்டவர். இதில் மற்றொரு பாடமும் உண்டு. நிழற்படம் இயற்கையைப் பின்பற்றும் கலை என 1889இல் நூல் எழுதி முழங்கிய அதே எமர்சன், ஓரிரு ஆண்டுக்குள் தம் கொள்கையைத் தாமே கைவிட்டு, அது இறந்துபட்டதெனக் கறுப்புக் கரையிட்ட சிறு வெளியீட்டால் அறிவித்தார். நடுவரின் சொல்லும் மனிதச் சொல்லே. அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். வஹீயின் இடத்தைக் கொடுத்தல் ஆகாது.

இனி, கேட்பவரின் கடமை. நன்னூலார் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கின்றார். நீரை ஒழித்துப் பாலைக் கொள்ளும் அன்னமும், கிடைத்த இடத்தில் மேய்ந்து பின்னர் அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரியும், ஊற்றியதெல்லாம் ஒழுகும் ஓட்டைக் குடமும் கடைமாணாக்கர்க்கு உவமை. படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கும் பிள்ளை இந்நான்கில் தாம் எதுவெனத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். ஐந்து நிறைகளும் ஒரு குறையும் சொன்னால் அக்குறையை மட்டும் நெஞ்சில் பிடித்துக்கொண்டு வருந்துவது நெய்யரியின் செயல். எதைச் சொன்னாலும் 'சரி, சரி' என்று கேட்டு அடுத்த நாளும் அதே போல் எடுப்பது ஓட்டைக் குடத்தின் செயல்.

காட்டும்போது விளக்கவுரை கூடாது. 'அன்று மழை, கூட்டம் இடித்தது, வெளிச்சம் போதவில்லை' என்பனவற்றைப் படம் பார்ப்பவர் அறியார். அறிய வேண்டியதும் இல்லை. படம் தானே பேசட்டும். அது பேசாத இடமே குறையுள்ள இடம். 'எப்படி இருக்கிறது?' எனப் பொதுவாகக் கேட்பதை விட, 'உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று?' எனக் கேட்பது மேல். எல்லோரிடமும் காட்டாமல், உண்மை சொல்லக்கூடிய இருவரிடம் காட்டுவது மேல். அவர்கள் சொன்னது அன்றே கசந்தாலும் பசுவைப் போல அசைபோட்டு, மறுவாரம் அதே இடத்திற்குச் சென்று மீண்டும் எடுத்து, இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சொன்னவர் சரியா தாம் சரியா என்பது விளங்கிவிடும். சிலவேளை எடுத்தவரே சரியாக இருப்பார். அப்போது அடக்கத்தோடு தம் படத்தில் நிலைத்து நிற்கும் உரிமை அவருக்கு உண்டு.

இப்னுல் ஹைதம் இங்கும் நமக்கு வழிகாட்டி. டாலமியின் நூல்களில் தமக்கு எழுந்த ஐயங்களைத் தொகுத்தெழுதிய அவர், முன்னோர் நூலை ஆய்பவர் அதனை எல்லாப் பக்கமும் தாக்கிச் சோதிக்க வேண்டும் என்றதோடு, சோதிக்கும் தம்மையும் அவ்வாறே ஐயுற வேண்டும் என்றார். அவருக்கும் அத்தகைய மாணவர் வாய்த்தார். கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ என்பார் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்குப் பின் அவருடைய நூலை எடுத்து வரிவரியாக ஆய்ந்து, வேண்டிய இடத்தில் திருத்தி, 'தன்கீஹுல் மனாழிர்' என்னும் நூலாக அளித்தார். தன்கீஹ் என்றால் வேண்டாததைக் கழித்துச் செப்பம் செய்தல். ஆசானின் மேதையைப் போற்றுவதும் அவர் நூலைத் திருத்துவதும் அம்மாணவருக்கு இரண்டாகத் தோன்றவில்லை.

நிறைவாக, நோட்டக்காரர்க்கு நீதியும் வேண்டும், நாணமும் வேண்டும். எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது ஸாதிக் 1861இல் மதீனா நகரையும் 1880இல் மக்கா நகரையும் படம் எடுத்தார்; அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அதே காலப்பகுதியில் மக்காவிலேயே வாழ்ந்த மருத்துவர் ஸையித் அப்துல் கஃப்ஃபார் எடுத்த படங்களோ, டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே 1889இல் வெளியிட்ட தொகுப்பில் எடுத்தவர் பெயரின்றியே வெளிவந்தன. பல்லாண்டுகள் கழித்தே அவருக்குரிய புகழ் அவரைச் சேர்ந்தது. எனவே ஒரு படத்தை மெச்சும்போதும் குறைகூறும்போதும், அதை மற்றவர்க்கு அனுப்பும்போதும், முதலில் எடுத்தவர் யாரெனக் கேட்டுப் பெயரைச் சொல்லுங்கள். அவ்வாறே, படத்தில் இருப்பவர் இசைவு தந்தாரா என்பதும் நோட்டத்தின் ஒரு பகுதியே. இசைவின்றி எடுத்த பெண்ணின் முகமோ, துயரில் இருப்பவரின் கோலமோ எத்தனை நேர்த்தியாக அமைந்திருந்தாலும், அதனைச் செல்லாக் காசு என ஒதுக்குவதே நமக்கு அழகு.

வாரத்தில் ஒருநாள், ஜும்ஆ முடிந்து உண்ட பின்னர், வீட்டார் கூடியிருக்கும் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரு பிள்ளை, ஒரே ஒரு படம். மற்றவர்கள் ஒரு நிமிடம் வாய் பேசாது பார்க்க வேண்டும். பின்னர், படத்தில் என்ன இருக்கின்றது, எது நன்கு அமைந்தது, எது தடுக்கின்றது, மறுமுறை எடுத்தால் எதை மாற்றலாம் என்னும் நான்கு வினாக்களுக்கு ஆளுக்கொரு விடை கூறட்டும். முன்சொன்ன கூடத்து மாமாமாரும் அங்கு அமரட்டும். நான்காம் வினாவுக்கு விடை இல்லாதவர் மூன்றாம் வினாவுக்கும் விடை சொல்லலாகாது என்று ஒரு சட்டம் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறை அக்கூடத்திலிருந்து எழும். நம் பள்ளிகளின் கல்தூண்களும், பாய் நெய்த கைகளும் அவர்கள் எடுக்கும் படங்களில் தெளிவாக நிலைபெறும். கண்ணொளி தந்த வல்ல நாயன், நேராகப் பார்க்கவும் நலமாகச் சொல்லவும் நமக்கு அருள்வானாக.